முதுமைக்கு ஒரு வாரானை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



பத்தாண்டு நிறைவு விழா என்றால் கணக்கெடுப்பு ஒன்று இருக்கும். நடந்த கூட்டங்கள் எத்தனை, வெளிவந்த நூல்கள் எத்தனை, அரங்கேறிய கவிதைகள் எத்தனை என்று செயலாளர் அறிக்கை படிப்பார். அந்த அறிக்கையில் இடம்பெறாத கணக்கு வேறொன்று உண்டு. வட்டம் தொடங்கிய நாளில் 55 வயதினராய் இருந்தோர்க்கு இன்று 65. அன்று 65 வயதினராய் இருந்தோர்க்கு இன்று 75. கூட்டம் நடைபெறும் மாடிக்குச் செல்லும் படிகள் மட்டும் அன்றும் 22, இன்றும் 22. படிகள் கூடவில்லை, ஏறுவோர்க்குத்தான் அவை கூடியிருக்கின்றன. முன்வரிசையில் அமர்ந்து ஒவ்வொரு கவிதைக்கும் தலையசைத்த மூத்தோர் சிலர் இப்போது வருவதில்லை. அவர்களுக்குக் கவிதை சலித்துவிடவில்லை. படி தடுக்கிறது, அல்லது, படி தடுக்கும் என்று வீட்டார் தடுக்கின்றனர்.

இந்த இரண்டாவது தடையைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். இலக்கிய மேடையில் தசையையும் மூட்டையும் பேசுவது பொருந்துமோ என்ற ஐயம் எழலாம். பொருந்தும் என்பதற்குப் பிள்ளைத்தமிழே சான்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன் மீது பாடியது தொடங்கி இன்றுவரை எழுந்துள்ள பிள்ளைத்தமிழ் நூல்கள் பல. அவற்றின் பருவங்களை ஒருமுறை உடலை மட்டும் மனத்தில் கொண்டு படித்துப் பார்த்தால் வியப்பு உண்டாகும். செங்கீரைப் பருவத்தில் குழந்தை கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, தலை நிமிர்த்தி ஆடுகிறது. சப்பாணிப் பருவத்தில் நிமிர்ந்து அமர்ந்து இரு கைகளையும் கொட்டுகிறது. வருகைப் பருவம் எனப்படும் வாரானையில் எழுந்து நின்று தளர்நடையிட்டு வருகிறது. கழுத்து நிற்பது, முதுகு நிற்பது, கால் நிற்பது என்று குழந்தை மருத்துவர் சுவரில் தொங்கவிடும் வளர்ச்சி அட்டவணைக்கும் இதற்கும் வரிசையில் பெரிய வேறுபாடு இல்லை. ஐந்தாம் திங்கள், ஒன்பதாம் திங்கள், பதின்மூன்றாம் திங்கள் என்று காலமும் வகுத்திருக்கின்றனர்.

வாரானைப் பாடல்களின் இயல்பு ஒன்று குறிப்பிடத்தக்கது. அவை அனைத்தும் அழைப்புகள். குழந்தை விழும் என்பது பாடும் தாய்க்குத் தெரியும். முழங்கால் சிராயும் என்பதும் தெரியும். ஆயினும் அவள் இரண்டடி பின்வாங்கி நின்று, கை நீட்டி, வருமாறு அழைக்கிறாள். தூக்கிக்கொள்ளும் எண்ணம் இருந்தால் பின்வாங்கி நிற்கமாட்டாள். நடக்க வைக்கவேண்டும் என்பதனாலேயே விலகி நிற்கிறாள். அந்த இரண்டடி இடைவெளியே வாரானை.

அதே வீட்டில் 70 வயதுப் பெரியவர் ஒருவர் நாற்காலியை விட்டு எழ முயல்கிறார். அப்போது கேட்கும் சொற்கள் வேறு. “நீங்க உக்காருங்கப்பா, நான் எடுத்துத் தர்றேன்.” “கடைக்கு நீங்க எதுக்குப் போறீங்க? தம்பி போயிட்டு வருவான்.” “அத்தை, குனியாதீங்க, கோலத்தை நான் போட்டுக்கிறேன்.” இவற்றுள் ஒரு சொல்லிலும் அன்பின்மை இல்லை. முழுதும் அன்பு, முழுதும் மரியாதை. பெரியவர்க்கும் உள்ளூர ஒரு பெருமை: பிள்ளைகள் தாங்குகிறார்கள் என்று அண்டை வீட்டாரிடம் சொல்லிக்கொள்ளலாம். ஓராண்டு இவ்வாறு தாங்கப்பெற்ற பின்னர், தாங்காமல் நிற்க இயலாத நிலை அவர்க்கு வந்துவிடுகிறது. அப்போது எல்லாரும் சேர்ந்து சொல்வது, ‘வயது ஆயிற்று’ என்பது.

வயது ஆயிற்று என்ற அந்தத் தீர்ப்பு எவ்வளவு உண்மை? சங்கப் பாடல் ஒன்றிலிருந்து தொடங்கலாம். புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் எவர்க்கும் தெரியாது. பூண் பொருந்திய தலையையுடைய பெரிய ஊன்றுகோலைப் பற்றி அவர் பாடிய தொடரே அவர்க்குப் பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என்று வழங்குகிறது. ஒரு கவிஞன் தன் கைத்தடியின் பெயரால் ஈராயிரம் ஆண்டளவாக அறியப்படுவது வேறெந்த மொழியில் உண்டோ! இளமையில் நீர்த்துறை மருத மரத்தின் தாழ்ந்த கிளையில் ஏறி, கரையில் நிற்போர் மருள, ஆழ்ந்த மடுவில் பாய்ந்து அடிமணலை அள்ளி வந்த நாளை அவர் நினைக்கிறார். இன்று கோலை ஊன்றி, இருமலுக்கிடையே சில சொல் பேசும் முதுமையில் நின்று, அந்த இளமை எங்கே போயிற்று என்று இரங்குகிறார். நிலையாமையைப் பாடிய பாடல்களுள் அதற்கு நிகர் சிலவே. பாடல் என்ற அளவில் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டு, ஊன்றிய கோலைக் கீழே வைத்தல் இயலாது என்று முடிவு கட்டுவோமாயின், அது பாடலின் பிழையன்று, படித்தவரின் பிழை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில் மரியா ஃபியாட்டரோன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் ஓர் ஆய்வை நடத்தி, 1990இல் வெளியிட்டனர். அதில் சேர்ந்தவர் பதின்மர். சராசரி வயது 90. நலிந்த உடலினர், பல்வேறு நோய்கள் உடையோர். அவர்களை அமரச்செய்து, காலில் எடையைப் பொருத்தி, முழங்காலை நீட்டி மடக்கும் பயிற்சியை வாரம் மூன்று நாள் அளித்தனர். பெயருக்கு அளிக்கப்பெற்ற எடை அன்று. ஒவ்வொருவரும் ஒருமுறை தூக்க இயன்ற உச்ச எடையில் 80 விழுக்காடு. எட்டு வாரம் சென்றபின் அளந்து பார்த்தபோது, பயிற்சியை நிறைவு செய்த ஒன்பதின்மரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியிருந்தது. அதாவது, முன்பு நான்கு படி அரிசியைத் தூக்கிய கால் இப்போது ஏறத்தாழப் பதினொரு படியைத் தூக்கும். தொடைத் தசையின் பரப்பும் 9 விழுக்காடு பெருகியிருந்தது. அந்தப் பதின்மருள் இருவர் அதன்பின் கைத்தடியின்றி நடந்தனர்.

விழுத்தண்டினாரைப் படித்தவர் எவரும் இந்தச் செய்தியை எளிதில் கடந்து செல்ல மாட்டார். 90 வயதில், எட்டே வாரத்தில், இருவர் தண்டினைக் கீழே வைத்தனர்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1994இல், அதே மருத்துவர் நூறு பேரைக் கொண்டு மீண்டும் ஆராய்ந்தார். சராசரி வயது 87. அப்போதும் பயிற்சி பெற்றோரின் வலிமை இருமடங்குக்கு மேல் ஆயிற்று, நடை விரைந்தது, மாடிப்படி ஏறும் ஆற்றல் கூடியது. அந்த ஆய்வில் சிலர்க்குப் பயிற்சி இன்றிச் சத்துப் பானம் மட்டும் அளித்துப் பார்த்தனர். அதனால் தளர்ச்சி நீங்கவில்லை. வெளியூரிலிருந்து வரும் பிள்ளைகள் பெற்றோர்க்கு அன்புடன் வாங்கி வரும் சத்துமாவு டப்பாக்கள் இங்கு நினைவுக்கு வரலாம். மாவு வேண்டாம் என்பதன்று. மாவை உண்டபின் கால் வேலை செய்தல் வேண்டும் என்பதே கருத்து.

முதல் ஆய்வில் இன்னுமொரு செய்தி இருக்கிறது. மகிழ்ச்சியான செய்தி அன்று. பயிற்சியை நிறுத்திப் பழையபடி அமர்ந்திருந்த நான்கே வாரத்தில் அவர்களின் வலிமை 32 விழுக்காடு குறைந்தது. ஏறிய வேகத்திலேயே இறங்கவும் செய்கிறது. இது முதியோர்க்கு மட்டும் உரியதன்று. 1966இல் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து, இதயமும் நுரையீரலும் உழைக்கும் திறனை அளந்தனர். முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரைத் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தனர். முப்பது ஆண்டு முதுமையில் இழந்ததைக் காட்டிலும், இருபதாம் வயதில் மூன்று வாரப் படுக்கையில் அவர்கள் இழந்தது மிகுதி! பின்னர் ஆறு மாதம் படிப்படியாக நடையும் மெல்லோட்டமும் மிதிவண்டியும் பழகியபோது, முதுமையால் இழந்த திறனை அந்த ஐம்பது வயதினர் மீட்டுக்கொண்டனர். ஆகவே, ‘வயது ஆயிற்று’ என்று எழுதப்படும் கணக்கில் ஒரு பெரும்பகுதி வயதின் பற்று அன்று, நாற்காலியின் பற்று.

வயதின் பங்கு இல்லவே இல்லை என்று சொல்வதற்கில்லை. நடுவயது தொட்டே தசை சிறிது சிறிதாகக் கரைகிறது. சார்க்கோபீனியா என்று அதற்கு 1989இல் பெயரிட்டனர். தசைக் குறைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து அமைந்த பெயர். கரைவதிலும் ஒரு வேறுபாடு உண்டு. நெடுநேரம் மெல்ல உழைக்கும் இழைகள் ஓரளவு நிலைக்க, சட்டென்று விசையுடன் இயங்கும் இழைகளே முதலில் மெலிகின்றன. கால் தடுக்கும்போது மறுகாலை விரைந்து முன்வைத்து உடலைத் தாங்குபவை அவையே. எனவேதான், நாள்தோறும் மெல்ல உலாவி வரும் பெரியவர்கூட ஈரத் தரையில் வழுக்கும்போது தம்மைப் பிடித்துக்கொள்ள இயலாமல் விழுகிறார். வெறும் நடை போதாது, வலிமைப் பயிற்சியும் வேண்டும் என்று மருத்துவர் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. பத்து நாள் படுக்கை என்பது முதுமையில் சிறிய செய்தி அன்று. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுடைய நலமான பன்னிருவர் பத்து நாள் படுத்திருந்ததில் கால்களின் தசைத்திரள் ஏறத்தாழ ஒரு கிலோ குறைந்தது. காய்ச்சலில் படுத்த பெரியவர் காய்ச்சல் விட்டபின்னும் எழாமல் இருப்பதைக் கண்டோர் பலர். காய்ச்சல் போய்விட்டது, உடன் காலையும் கொண்டு போய்விட்டது.

பயிற்சி என்றவுடன் இரும்புக் குண்டும் பயிற்சிக் கூடமும் கண்முன் வருவது இயல்பு. ஆனால் உடல் உழைப்பின் பயனை முதன்முதலில் தெளிவாகக் காட்டிய ஆய்வு பயிற்சிக் கூடத்தில் நிகழவில்லை, பேருந்தில் நிகழ்ந்தது. இலண்டன் மாநகரின் இரண்டடுக்குப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் பயணச்சீட்டு வழங்க மேலும் கீழுமாக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள்வரை ஏறுவார். இருவர்க்கும் ஊதியமும் வாழ்க்கையும் ஏறத்தாழ ஒன்றே. ஜெரமி மாரிஸ் என்னும் மருத்துவ அறிஞர் இவர்களை ஒப்பிட்டு 1953இல் வெளியிட்ட முடிவு, நடத்துநர்க்கு இதய நோய் குறைவு என்பது. வந்தாலும் காலம் தாழ்ந்து வந்தது, உயிர் கொல்வதும் குறைவாயிருந்தது. மாரிஸ் நேர்மையான ஆய்வாளர். தம் முடிவைத் தாமே ஐயுற்று, அவ்வூழியர்க்கு வழங்கப்பெற்ற சீருடைகளின் இடுப்பளவுகளைத் தேடி எடுத்தார். ஓட்டுநரின் காற்சட்டைகள் பணியில் சேர்ந்த இளவயதிலேயே அகலமாயிருந்தன! வேறுபாட்டின் ஒரு பகுதி முன்பே இருந்தது என்று 1956இல் அவரே எழுதினார். பின்னர் வேறு பணியினரிடையே நெடுநாள் ஆராய்ந்து, உழைப்பின் பயன் உண்மையே என்று நிறுவினார். தாமும் முதுமைவரை உடலை இயக்கி வந்த மாரிஸ் 2009இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

நடத்துநர் உடலுக்காகப் படி ஏறவில்லை; வேலைக்காக ஏறினார். தமிழ்நாட்டு வீடுகளிலும் ஒரு தலைமுறைக்கு முன்னர்வரை அப்படித்தான். உண்பதற்குத் தரையில் அமர்ந்து எழுதல், பாயைச் சுருட்டி எடுத்தல், கிணற்றில் நீர் இறைத்தல், அம்மியில் அரைத்தல், விடியலில் வாசல் தெளித்துக் குனிந்து கோலமிடுதல் என ஒரு நாளைக்கு எத்தனை முறை உடல் மடங்கி நிமிர்ந்தது என்று எவரும் எண்ணியதில்லை. தரையிலிருந்து கை ஊன்றாமல் எழுவதற்குத் தொடை, இடுப்பு, வயிறு, கணுக்கால் யாவும் ஒருங்கே வேலை செய்தல் வேண்டும். சமநிலையும் வேண்டும். இன்று உணவு மேசைக்கு வந்துவிட்டது. நீர் குழாயில் வந்துவிட்டது. மாவு அரைத்தே விற்கப்படுகிறது. தரையில் அமர்ந்து பத்தாண்டு ஆன பெரியவர்கள் உண்டு. எழ இயலாது என்பதனால் அமர்வதில்லை என்கின்றனர். அமராமையால் எழ இயலாமற் போயிற்று என்பது அதன் மறுபக்கம்.

இதைச் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பழைய வாழ்க்கையைப் பொன்னுலகமாகப் பாடும் வழக்கம் கவிஞர்களுக்கு உண்டு. அம்மியும் உரலும் அழகிய படிமங்கள்தாம். ஆனால் அவற்றைக் கவிஞர் எவரும் அரைத்ததில்லை. அவர் வீட்டுப் பெண்டிர் அரைத்தனர். அவர்களுள் பலர்க்கு அதனால் முதுகும் முழங்காலும் தேய்ந்தன. 75 வயதிலும் செங்கல் சுமந்தால்தான் அடுப்பு எரியும் என்றிருக்கும் மூதாட்டியிடம் உடல் உழைப்பின் நன்மையைப் பேசுவது கொடுமை. அவர்க்கு வேண்டுவது ஓய்வூதியம். இங்குப் பேசப்படுவது, உண்ணக் குறைவின்றி, அமர நாற்காலியும் பார்க்கத் தொலைக்காட்சியும் உள்ள வீட்டு முதியோரைப் பற்றியே. 2021ஆம் ஆண்டுக்கான மக்கள்தொகை மதிப்பீட்டின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 விழுக்காட்டினர் 60 வயதைக் கடந்தோர்; நாட்டில் கேரளத்திற்கு அடுத்த நிலை இது. நாற்காலிகளும் அதற்கேற்பப் பெருகியிருக்கும்.

விரும்பி உழைத்த முதுமைக்கும் இம்மண்ணில் சான்று உண்டு. மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் வாழ்ந்த பாப்பம்மாள் நூறு வயதைக் கடந்த பின்னரும் தம் நிலத்தில் இறங்கி வேலை செய்தவர். 2021இல் பத்மஸ்ரீ விருது அவர்க்கு அறிவிக்கப்பெற்றபோது 105 வயது என்றனர். 2024 செப்டம்பரில் அவர் மறைந்தார்.

பக்தி இலக்கியத்திற்குச் சென்றால் திருநாவுக்கரசர் நிற்கிறார். 81 ஆண்டுகள் வாழ்ந்தவர் என்பது மரபு. அவர் திருவுருவம் எங்கிருந்தாலும் கையில் உழவாரம் இருக்கும். கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கும் கருவி அது. பதிகம் பாடியவர்க்கு ஏடும் எழுத்தாணியும் அடையாளமாக அமைந்திருக்கலாம். மக்கள் நெஞ்சில் நின்றதோ உழவாரம். சேக்கிழார் கூறும் நிகழ்ச்சிகள் இரண்டு நினைக்கத்தக்கன. ஆளுடைய பிள்ளையாகிய சிறுவர் சம்பந்தர் சிவிகையில் வருகிறார். அவரைக் காண வந்த முதியவர் அப்பர், கூட்டத்தினுள் புகுந்து, எவரும் அறியாமல் அச்சிவிகையைத் தாங்குவோருள் ஒருவராகிறார். ‘அப்பர் எங்குற்றார்’ என்று சம்பந்தர் வினவியபோதுதான் கீழிருந்து விடை வருகிறது. இக்காலத்துச் சிவிகை தாங்கிகள் இருந்திருப்பின் “ஐயா, நீங்க தள்ளி உக்காருங்க” என்று விலக்கியிருப்பர். பெரியபுராணம் ஓர் அரிய காட்சியை இழந்திருக்கும். மற்றொன்று, இறுதிக் காலத்தில் திருப்புகலூரில் நிகழ்ந்தது. உழவாரம் பட்ட இடமெல்லாம் பொன்னும் மணியும் விளங்க, அவற்றையும் பருக்கைக் கல்லோடு ஒன்றாக எண்ணி வாரி நீர்நிலையில் எறிந்தார் என்பது கதை. பொன்னைத் துறந்த பெருமையையே உரையாசிரியர் எல்லாரும் எடுத்துரைப்பர். அந்த வயதில் குனிந்து புல் செதுக்கிக்கொண்டிருந்தார் என்பதை ஒருவரும் வியந்ததாகத் தெரியவில்லை. சேக்கிழார்க்கும் அது வியப்பன்று, இயல்பு.

முதுமையில் உடல் நிலைப்பதற்கு உழைப்பு மட்டும் போதுமா என்று கேட்பின், பிசிராந்தையாரைத் துணைக்கு அழைக்கலாம். பாண்டி நாட்டிலிருந்து, தாம் ஒருமுறையும் கண்டிராத நண்பன் கோப்பெருஞ்சோழனுக்காக நெடுந்தொலைவு கடந்து வந்தவர் அவர். ஆண்டு பல ஆகியும் நரை இல்லையே என்று அங்கிருந்த சான்றோர் கேட்டனர். மனைவியும் மக்களும் பண்புடையோர், ஏவலர் கருத்தறிந்து நடப்போர், அரசன் முறை தவறான், ஊரில் அடங்கிய கொள்கைச் சான்றோர் பலர் என்று அவர் விடை கூறினார். மூலிகை எதையும் சொல்லவில்லை. போய்ப் பேசுவதற்கு நல்லோர் இருக்கும் ஊர் என்பது அவ்விடையின் ஒரு பகுதி. போவதற்கு இடம் இல்லாதவன் எதற்கு நடப்பான்? நடைப்பயிற்சியை மருந்துபோல் தொடங்கி ஒரு மாதத்தில் விட்டோர் பலர். திங்கள்தோறும் கவியரங்கம் என்று கிளம்பியோர் பத்தாண்டு நடந்திருக்கின்றனர்.

எவ்வளவு நடப்பது என்ற கேள்விக்கு விடையாக நாளொன்றுக்குப் பதினாயிரம் அடி என்ற எண் எங்கும் வழங்குகிறது. அது மருத்துவர் கண்ட எண் அன்று. டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965இல் ஜப்பானிய நிறுவனம் ஒன்று விற்ற அடிமானிக்கு இட்ட பெயர்! 2019இல் அமெரிக்காவில், சராசரி 72 வயதுடைய 16,741 பெண்களை வைத்துச் செய்த ஆய்வில், நாளொன்றுக்கு 2,700 அடி நடந்தவரைக் காட்டிலும் 4,400 அடி நடந்தவரிடையே இறப்பு 41 விழுக்காடு குறைவு. 7,500 அடியளவில் அந்தப் பயன் ஒரு நிலைக்கு வந்துவிட்டது. நலமுடையோர்தாம் மிகுதியாக நடக்கின்றனர் என்ற ஐயத்தைக் கழித்துக்கொண்டே இந்த எண்களைக் கொள்ளவேண்டும். எனினும் பதினாயிரத்தை எண்ணி மலைத்து உட்கார்ந்துவிட்டவர் எழுந்து நிற்க இது போதும். உலக நலவாழ்வு நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதைக் கடந்தோர்க்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பையும், அதனுடன் வாரம் மூன்று நாளேனும் சமநிலைக்கும் வலிமைக்குமான பயிற்சியையும் கூறுகிறது. நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்துமுறை எழுந்து அமர்தல், சுவரைத் தொட்டபடி ஒரு காலில் நிற்றல் என்பனவும் இதில் அடங்கும். நெஞ்சில் இறுக்கமோ, தலைச்சுற்றலோ, மூட்டில் கடும் வலியோ உள்ளோர் மருத்துவரைக் கண்டபின் தொடங்குதல் வேண்டும். வலிக்கும் முழங்காலைத் தரையில் மடக்கித் துன்புறுத்துவது வீரமன்று. குளியலறையில் வழுக்காத தரையும், இரவில் ஒரு விளக்கும் எந்தப் பயிற்சிக்கும் முன்பே செய்யத்தக்கவை.

வாரானைக்கு மீண்டும் வருவோம். இவ்வட்டத்தின் மூத்த கவிஞர் ஒருவர் மூன்றாண்டுகளுக்கு முன் தம் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை. மகனும் மருமகளும் அஞ்சிப்போயினர். அதன்பின் அவரைத் தனியே எழ விடவில்லை. செய்தித்தாள் கைக்கு வந்தது. காப்பி கைக்கு வந்தது. ஆறு மாதம் சென்றபின், கழிப்பறைக்குச் செல்லவும் ஒருவர் தோள் வேண்டியதாயிற்று. கூட்ட அறிவிப்பு அஞ்சலட்டை வரும்போதெல்லாம் அதைப் படித்துத் தலையணையடியில் வைத்துக்கொள்வார் என்று பார்க்கச் சென்றோர் சொல்வதுண்டு. ஒரு மாலை, கல்லூரியில் படிக்கும் அவர் பேர்த்தி, இயன்முறை மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி, நாற்காலிக்கு எதிரே இரண்டடி தள்ளி நின்றாள். “தாத்தா, நான் பிடிக்கமாட்டேன். நீங்களா எழுந்து வாங்க.” மருமகள் சமையலறை வாயிலில் நின்று கையைப் பிசைந்தார். அன்று மூன்றுமுறை எழ முயன்று, நான்காம்முறை எழுந்து நின்றார். அவ்வளவுதான் அன்றைக்கு. மறுநாள் சன்னல் கம்பிவரை. மூன்று மாதத்தில் தெருமுனை.

அவர் மீண்டும் வர விரும்புகிறார் என்று தெரிந்தபோது, கூட்டத்தைத் தரைத்தளத்தில் உள்ள சிறிய அறைக்கு மாற்றிவிடலாம் என்று செயற்குழு எண்ணியது. நல்லெண்ணந்தான். செய்தி அறிந்த அவர், இடத்தை மாற்ற வேண்டாம், படியின் இடப்புறம் ஒரு கைப்பிடி மட்டும் பொருத்துங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஏறவே இயலாத உறுப்பினர் இருவர் உண்டு. ஆகவே ஓராண்டில் நான்கு கூட்டம் கீழே, எட்டுக் கூட்டம் மேலே என்று முடிவாயிற்று. சுவரில் இரும்புக் கைப்பிடி பொருத்தப்பெற்றது. இப்போது அவர் மாலை ஐந்தரைக்கே வந்துவிடுகிறார். பதினொன்றாம் படியில் ஒரு திருப்பம் இருக்கிறது. அங்கே நின்று மூச்சு வாங்குவார். அவருடன் ஏறி வரும் மூத்தோர் இருவர் மூவர் அங்கேயே நின்று, சென்ற கூட்டத்தில் படிக்கப்பெற்ற வெண்பாவில் தளை தட்டியதா இல்லையா என்று வழக்காடிக்கொண்டிருப்பர். மேலே தலைவர் கூட்டத்தைத் தொடங்க மணி பார்த்துக்கொண்டிருப்பார்.